தாழ்ச்சியும் வேண்டும், மகிழ்ச்சியான சாட்சியும் வேண்டும் என்றால் எப்படி?

நீங்கள் கேட்டதை ஒருமுறை என் வார்த்தையில் சொல்லிப் பார்க்கிறேன். பெங்களூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்கிறீர்கள். டீமில் நீங்கள் ஒருவர்தான் கிறிஸ்தவர் என்பதால், அலுவலகக் கிறிஸ்துமஸ் கொண்டாட்டத்தில் ஐந்து நிமிடம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு வாரமான திருவருகைக் காலத்தின் மூன்றாம் ஞாயிறன்று மறையுரையில் 'திருமுழுக்கு யோவானைப் போலத் தாழ்ச்சியோடு இருங்கள், மகிழ்ச்சியான சாட்சிகளாக இருங்கள்' என்று கேட்டீர்கள். பேசினால் என்னையும் என் மதத்தையும் முன்னால் தள்ளுவதுபோல இருக்கிறது, பேசாவிட்டால் மறுதலிப்பதுபோல இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். கடைசி வரியில், போகிற போக்கில் சேர்த்ததுபோல இன்னொன்று: 'இந்த வருடம் எனக்கு மகிழ்ச்சியாகவே இல்லை. நடிக்க வேண்டுமா?' நீங்கள் உண்மையில் கேட்க வந்தது இதைத்தான் என்று எனக்குப் படுகிறது. அதனால் இதற்குத்தான் அதிக இடம் கொடுக்கப்போகிறேன்.

என்னைப் பற்றிக் கொஞ்சம். பெங்களூரில் ஒரு பங்கின் தமிழ்ச் சமூகத்தில் நீண்ட காலமாக மறைக்கல்வி எடுக்கிறேன். வேலைக்குப் போய்க்கொண்டே மாலை வகுப்பில் இறையியல் படித்தவள். குருவானவர் இல்லை, மனநல மருத்துவரும் இல்லை. விவிலியமும் வழிபாடும் எனக்குத் தெரிந்த வட்டம். அதைத் தாண்டுகிற இடங்களில் சொல்லிவிடுகிறேன்.

முதலில் இந்தக் காலத்தின் தன்மை. திருவருகைக் காலத்தில் குருவானவர் ஊதா உடை அணிகிறார், 'உன்னதங்களிலே' என்ற புகழ்ப்பாடலைப் பாடுவதில்லை. ஆனால் தவக்காலத்தில் நின்றுபோகும் அல்லேலூயா இப்போது நிற்பதில்லை. பீடத்தில் பூ வைக்கலாம், ஆனால் அளவாக. கிறிஸ்து பிறப்பின் முழு மகிழ்ச்சியை முன்கூட்டியே காட்டிவிடக் கூடாது என்று திருப்பலி நூலின் விதிகளிலேயே இருக்கிறது. 1969-ல் வந்த வழிபாட்டு ஆண்டு நெறிமுறைகள் இதைப் பக்தியும் மகிழ்ச்சியும் கலந்த எதிர்பார்ப்பின் காலம் என்கின்றன. ஆக, மகிழ்ச்சி உண்டு, ஆனால் அது அடங்கிய குரலில் இருக்கிறது. டிசம்பர் முதல் தேதியே கமர்ஷியல் ஸ்ட்ரீட்டில் விளக்கும் பாட்டும் தொடங்கிவிடுவதால் நமக்கு இது மறந்துபோகிறது. நான்கு வாரமும் சிரித்த முகமாக இருக்க வேண்டும் என்று திருச்சபை உங்களிடம் கேட்கவே இல்லை.

சரி, மூன்றாம் ஞாயிறுக்கு வருவோம். மகிழ்ச்சி ஞாயிறு என்கிறோம், ரோஜா நிற மெழுகுதிரி ஏற்றுகிறோம். அந்தப் பெயருக்குக் காரணம் திருத்தூதர் பவுல் எழுதிய பிலிப்பியர் திருமுகத்தின் ஒரு வரி: 'ஆண்டவரோடு இணைந்து என்றும் மகிழுங்கள், மீண்டும் கூறுகிறேன், மகிழுங்கள்.' பவுல் இதை எழுதியபோது எங்கே இருந்தார்? சிறையில். தன் விலங்குகளைப் பற்றி முதல் அதிகாரத்திலேயே எழுதுகிறார். எந்த ஊர்ச் சிறை என்பதில்தான் கருத்து வேறுபாடு. உரோமை என்பது பழைய மரபு, எபேசு என்றும் செசரியா என்றும் சொல்கிற அறிஞர்கள் இருக்கிறார்கள். ஊர் எதுவானாலும், தனக்கு மரண தண்டனை வருமா விடுதலை வருமா என்று தெரியாத ஒருவர் எழுதிய வரி அது.

வாசகங்கள் மூன்று வருடச் சுழற்சியில் வருவது உங்களுக்குத் தெரியும். அதில் ஒரு வருடம் இதே மகிழ்ச்சி ஞாயிறன்று மத்தேயு 11-ஆம் அதிகாரம் வாசிக்கப்படுகிறது. அங்கேயும் சிறைதான். கலிலேயாவை ஆண்ட ஏரோது அந்திப்பா யோவானைப் பிடித்து அடைத்து வைத்திருக்கிறான். சாக்கடலுக்குக் கிழக்கே இருந்த மக்கேருஸ் கோட்டைக்கு அவரைக் கொண்டுபோனதாக யூத வரலாற்றாசிரியர் யோசேப்பு எழுதியிருக்கிறார். உள்ளேயிருந்து யோவான் ஆள் அனுப்பிக் கேட்கிறார்: 'வரவிருப்பவர் நீர்தாமா? அல்லது வேறு ஒருவரை எதிர்பார்க்க வேண்டுமா?' ஒரு நிமிடம் இதை நிறுத்திப் பாருங்கள். தாய் எலிசபெத்தின் வயிற்றில் இருக்கும்போதே மகிழ்ச்சியால் துள்ளினார் என்று லூக்கா சொல்லும் அதே யோவான். யோர்தான் கரையில் இயேசுவைச் சுட்டிக்காட்டியவர். இப்போது இருட்டறையில் உட்கார்ந்து, நீர்தானா என்கிறார். இந்த வாசகத்தைத் திருச்சபை தேர்ந்து வைத்திருப்பது மகிழ்ச்சி ஞாயிறுக்கு.

யோவான் ஏன் அப்படிக் கேட்டார் என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. கிறிசோஸ்தோம் போன்ற பழைய உரையாசிரியர்கள், அவருக்குச் சந்தேகம் இல்லை, தன் சீடர்கள் தெளிவு பெறட்டும் என்று கேட்டார் என்றார்கள். இக்காலத்து விவிலிய அறிஞர் பலர் அது அவருடைய சொந்தக் கேள்வியே என்கிறார்கள். கோடரி மரத்தின் வேரருகே வைத்தாயிற்று என்று முழங்கியவர் அவர். இயேசுவோ வரிதண்டுபவர்களோடு விருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எதிர்பார்த்ததும் நடந்ததும் ஒத்துப்போகவில்லை. நான் இரண்டாவது பக்கம் சாய்கிறேன், இதில் உங்களுக்கு வேறு கருத்து இருந்தால் தவறில்லை. சந்தேகத்துக்கு இடமில்லாதது அடுத்து நடந்தது. இயேசு அவரைக் கடிந்துகொள்ளவில்லை. பார்வையற்றோர் பார்க்கிறார்கள், ஏழைகளுக்கு நற்செய்தி அறிவிக்கப்படுகிறது என்று நடந்துகொண்டிருப்பதைச் சொல்லி அனுப்புகிறார். தூது வந்தவர்கள் திரும்பிப் போன பிறகு கூட்டத்தைப் பார்த்து, மனிதராய்ப் பிறந்தவர்களுள் யோவானைவிடப் பெரியவர் தோன்றியதில்லை என்கிறார். தடுமாறிக் கேள்வி கேட்ட அதே நாளில் அவருக்கு இந்தப் பாராட்டு.

அதனால் நடிக்க வேண்டுமா என்ற உங்கள் கேள்விக்கு என் பதில், வேண்டாம். நடித்தால் அது பொய்ச்சாட்சி ஆகிவிடும். பவுல் மகிழுங்கள் என்று சொன்ன மூச்சோடு அடுத்து என்ன சொல்கிறார் பாருங்கள்: 'கனிந்த உள்ளம் உங்களுக்கு உண்டென்பது எல்லா மனிதருக்கும் தெரிந்திருக்கட்டும். ஆண்டவர் அண்மையில் உள்ளார்.' எல்லாருக்கும் தெரியட்டும் என்று அவர் கேட்பது உங்கள் உற்சாகத்தையோ பேச்சுத் திறமையையோ அல்ல. மனதில் பாரம் இருக்கிற நாளிலும் பக்கத்து இருக்கைக்காரரிடம் எரிந்து விழாமல் இருக்க முடிகிறது, அவர் சொல்வதை முழுதாகக் கேட்க முடிகிறது என்றால், பவுல் சொன்ன இடத்தில்தான் நிற்கிறீர்கள். மகிழ்ச்சி ஆண்டவர் அண்மையில் இருப்பதிலிருந்து வருகிறது. அன்றைக்கு நம் மனநிலை என்ன என்பதைப் பொறுத்து அவர் அண்மை கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை.

இந்த இடத்தில் எனக்கு எல்லை இருக்கிறது. தூக்கம் வரவில்லை, எதிலும் பிடிப்பில்லை, வாரக்கணக்கில் இப்படியே போகிறது என்றால் அதை ஆன்மிகச் சோர்வு என்று நீங்களே முடிவு செய்துகொள்ள வேண்டாம். ஒரு மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். இன்னொரு பக்கம், திருவருகைக் காலத்தில் எல்லாப் பங்குகளிலும் ஒப்புரவு அருட்சாதனத்துக்கு நேரம் ஒதுக்குவார்கள். பாவம் சொல்ல மட்டும் அல்ல, ஒருவரிடம் மனதைத் திறக்கவும் அந்த நேரம் உதவும். ஒன்று செய்தால் மற்றது வேண்டாம் என்று இல்லை.

மகிழ்ச்சியும் தாழ்ச்சியும் ஒன்றாக எப்படி இருக்கும் என்பதை எங்கள் பங்கின் கேரல் குழுவில் பார்த்திருக்கிறேன். சிவாஜிநகர்ப் பக்கத்துச் சந்துகள் உங்களுக்குத் தெரிந்திருக்கும். இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்கித்தான் நிற்க வேண்டும். டிரம், கிட்டார், சாண்டா வேடம், உண்டியல் என்று பிள்ளைகள் கூட்டமாகப் போவார்கள். அன்றைக்கு ஒரு வீட்டு வாசலில் செருப்புகள் நிறையக் கிடந்தன, கதவு பாதி சாத்தியிருந்தது. அந்த வாரம்தான் அந்த வீட்டுப் பெரியவர் இறந்திருந்தார். முன்னால் போன பையன் கையைத் தூக்கி டிரம்மை நிறுத்தினான். சாண்டா வேடம் போட்டவன் தானாகவே முகமூடியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டான். உண்டியலைப் பின்னால் கொடுத்துவிட்டார்கள். இரண்டு பிள்ளைகள் மட்டும் படியேறிப் போய், 'அம்மா, இங்க பாடலாமா, வேண்டாமா?' என்று கேட்டார்கள். அந்த அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம், 'மெதுவா ஒண்ணு பாடுங்கப்பா, அவருக்குப் பிடிக்கும்' என்றார். ஒரு பாட்டு, வாத்தியம் இல்லாமல் பாடினார்கள். எதிர்வீட்டு முஸ்லிம் குடும்பமும் வாசலில் வந்து நின்று கேட்டது. பிள்ளைகள் தங்கள் பாட்டைக் கைவிடவில்லை. அந்த வீட்டின் துக்கத்தையும் மிதிக்கவில்லை. வந்தது தங்களைக் காட்டிக்கொள்ள அல்ல என்று அவர்களுக்குத் தெரிந்திருந்ததால்தான் அவ்வளவு சுலபமாக டிரம்மை நிறுத்த முடிந்தது.

யோவானின் தாழ்ச்சியும் இப்படிப்பட்டதுதான். எருசலேமிலிருந்து வந்தவர்கள் நீர் யார் என்று துருவுகிறார்கள். நான் மெசியா அல்ல, எலியா அல்ல, வரவேண்டிய இறைவாக்கினரும் அல்ல என்று மூன்று முறை மறுக்கிறார். அதோடு வாயை மூடிக்கொள்ளவில்லை. நீங்கள் அறியாத ஒருவர் உங்களிடையே நிற்கிறார், அவருடைய மிதியடி வாரை அவிழ்க்கக்கூட எனக்குத் தகுதியில்லை என்று தெளிவாகச் சொல்கிறார். ஒரு சீடன் தன் குருவுக்கு அடிமை செய்யும் எல்லா வேலையும் செய்யலாம், மிதியடி கழற்றுவதைத் தவிர என்று யூத ரபிகளின் பிற்கால நூலில் ஒரு கூற்று உண்டு. யோவானின் காலத்திலேயே அது வழக்கில் இருந்ததா என்பது உறுதியில்லை. இருந்திருந்தால், சீடனுக்கும் கீழே போய் அவர் நிற்கிறார். ஆனால் பாருங்கள், அந்த இடத்தில் நின்றுகொண்டுதான் அரசன் ஏரோதின் முகத்துக்கு நேரே உண்மையைச் சொன்னார். தாழ்ச்சி அவரைக் கோழையாக்கவில்லை. 16-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த புனிதை அவிலா தெரசா, தாழ்ச்சி என்பது உண்மையில் நடப்பது என்று விளக்கினார். எனக்கு ஒன்றும் தெரியாது, நான் ஒன்றுமில்லை என்று சொல்லி நழுவுவது பல நேரம் தாழ்ச்சியே அல்ல, பேச பயந்துகொண்டு சொல்கிற சாக்கு. என் மறைக்கல்வி வகுப்பில் அடக்கம் என்று பெயர் வாங்கிய பிள்ளைகளிடம் இதை அதிகம் பார்க்கிறேன்.

யோவான் நற்செய்தி 3-ஆம் அதிகாரத்தில் ஒரு இடம் இருக்கிறது. இயேசுவிடம் கூட்டம் சேருகிறது, யோவானின் சீடர்களுக்குப் பொறுக்கவில்லை, எல்லாரும் அவரிடம் போகிறார்களே என்று வந்து முறையிடுகிறார்கள். மணமகள் மணமகனுக்கே உரியவர், மணமகனின் தோழர் அருகில் நின்று அவர் குரலைக் கேட்டுப் பெருமகிழ்வு அடைகிறார், என் மகிழ்ச்சியும் இது போன்றது என்கிறார் யோவான். நம் கல்யாணங்களில் மாப்பிள்ளைத் தோழனாக நின்றிருக்கிறீர்களா? அன்றைக்கு அவனுக்கு வேலை குறைவில்லை. மோதிரம் பத்திரமாக இருக்கிறதா என்று சட்டைப்பையைத் தடவிக்கொண்டே இருப்பான், மாலை கசங்காமல் பிடித்துக்கொள்வான், மாப்பிள்ளைக்கு வியர்த்தால் கைக்குட்டை நீட்டுவான். எல்லாப் போட்டோவிலும் இருப்பான். ஆனால் தன் கல்யாணம் என்று அவன் ஒரு நொடிகூட நினைப்பதில்லை, அதனால் அவனுக்குக் கவலையும் இல்லை. யோவானுக்கு மகிழ்ச்சி இங்கிருந்துதான் வருகிறது. 'அவரது செல்வாக்குப் பெருக வேண்டும். எனது செல்வாக்குக் குறைய வேண்டும்' என்ற அடுத்த வரியை நாம் பெருமூச்சோடு வாசிக்கிறோம். அதற்கு முந்தைய வரி, இம்மகிழ்ச்சி என்னுள் நிறைந்துள்ளது என்பது. தாழ்ச்சியை ஒரு தட்டிலும் மகிழ்ச்சியை இன்னொரு தட்டிலும் வைத்து நிறுக்க வேண்டியதில்லை என்று நான் நம்புவது இந்த இரண்டு வரிகளால்தான். எல்லாம் என் தலையில் இல்லை என்று தெரிந்தவனுக்கு மகிழ்ச்சி தானாக வருகிறது. நாள்கள் சுருங்கத் தொடங்கும் ஜூன் 24-ல் யோவானின் பிறப்பையும், நாள்கள் நீளத் தொடங்கும் டிசம்பர் 25-ல் கிறிஸ்துவின் பிறப்பையும் கொண்டாடுவதை இந்த வரியோடு சேர்த்துப் பேசியிருக்கிறார் பழைய காலத்து ஆயர் அகுஸ்தினார். அழகான சிந்தனை. இந்தத் தேதிகள் பிறந்த நாள்கள் என்பதற்கு விவிலியத்தில் சான்று இல்லை என்பதையும் சேர்த்து நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி உங்கள் அலுவலகம். நீங்கள் பேசுங்கள். கேட்டவர்கள் அவர்கள். 1 பேதுரு 3-ஆம் அதிகாரம் இதற்கென்றே எழுதியதுபோல இருக்கிறது: உங்கள் எதிர்நோக்கைக் குறித்து யாராவது விளக்கம் கேட்டால் விடை சொல்ல ஆயத்தமாய் இருங்கள், ஆனால் பணிவோடும் மரியாதையோடும் விடை அளியுங்கள். முதலில் எதிரில் இருப்பவரின் கேள்வி, அப்புறம் நம் பதில் என்ற வரிசையைக் கவனியுங்கள். பேசினால் மதமாற்றம் என்று நினைப்பார்களோ என்ற பயமும் உங்கள் எழுத்தில் தெரிந்தது. சட்டம் என் துறை அல்ல. பொதுவாகத் தெரிந்த இரண்டைச் சொல்கிறேன். அரசியலமைப்பின் 25-ஆம் பிரிவு ஒருவர் தம் மதத்தை வெளிப்படையாக ஏற்கவும் கடைப்பிடிக்கவும் பரப்பவும் உரிமை தருகிறது. பரப்பும் உரிமை பிறரை மதம் மாற்றும் உரிமை ஆகாது என்று 1977-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. நிறுவனத்துக்குள் தனி விதிகள் இருக்கலாம், அதை உங்கள் மனிதவளத் துறையிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கொண்டாட்டத்தில் உங்கள் பண்டிகையைப் பற்றிப் பேசச் சொல்லி அவர்களே கேட்டிருக்கும்போது நீங்கள் தயங்க வேண்டிய காரணம் எனக்குத் தெரியவில்லை.

இன்னொரு பாரத்தையும் இறக்கி வைத்துவிடுங்கள். உங்கள் டீம் கிறிஸ்துவின் பெயரை முதன்முதலாக உங்கள் வாயிலிருந்து கேட்கப்போவதில்லை. இந்த ஊரில் சிவாஜிநகர் தூய மரியாள் பேராலயத்தின் இப்போதைய கட்டடம் 1882-ல் அர்ச்சிக்கப்பட்டது, அங்கே தமிழ்க் குடும்பங்கள் அதற்கும் முன்பிருந்தே ஜெபித்து வந்தார்கள். விவேக்நகர் குழந்தை இயேசு ஆலயத்தில் வியாழக்கிழமை போய் நின்றால் நெற்றியில் குங்குமத்தோடும் தலையில் முக்காட்டோடும் மெழுகுதிரி ஏந்தி நிற்பவர்களைப் பார்க்கலாம். உங்கள் டீமிலேயே ஒருவர் அங்கே போய் வந்தவராக இருக்கக்கூடும். உங்களுக்கு முன்னால் எத்தனையோ பேர் பேசாமலே சாட்சி சொல்லிவிட்டார்கள். நீங்கள் சேர்க்கப்போவது ஐந்து நிமிடம்.

அந்த ஐந்து நிமிடத்தில் மார்கழிக் குளிரில் ஊரில் உங்கள் வீட்டில் என்ன நடக்கும் என்பதிலிருந்து தொடங்கலாம். நட்சத்திரம் கட்டுவது, குடில் வைப்பது, அச்சு முறுக்குச் சுடுவது, முதல் தட்டு பக்கத்து வீட்டுக்குப் போவது. பிறகு, பெத்லகேமில் விடுதியில் இடம் கிடைக்காத ஒரு தம்பதிக்குப் பிறந்த குழந்தையில் கடவுள் எங்களிடம் வந்தார் என்று நான் நம்புகிறேன் என்று உங்கள் நம்பிக்கையை நேராக ஒரே வாக்கியத்தில் சொல்லுங்கள். 'நான் நம்புகிறேன்' என்பது போதும், 'நீங்களும் நம்ப வேண்டும்' என்பது வேண்டாம். வேறு யாருடைய தெய்வத்தோடும் ஒப்பிட வேண்டாம். எல்லா மதமும் ஒன்றுதான் என்று சொல்லி மழுப்பவும் வேண்டாம், கேட்பவர்களுக்கு அது மரியாதை ஆகாது. இந்த வருடம் எனக்குக் கொஞ்சம் கஷ்டமான வருடம், இருந்தாலும் இந்த நம்பிக்கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன் என்று சொல்ல மனம் வந்தால் சொல்லுங்கள், வராவிட்டால் விடுங்கள்.

பேச்சைவிட அதற்கு முன்னும் பின்னும் இருக்கிற வாரங்கள் முக்கியம் என்பது என் அபிப்பிராயம். நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டவர்களுக்கு யோவான் சொன்ன பதிலை லூக்கா 3-ஆம் அதிகாரத்தில் வாசியுங்கள். இரண்டு அங்கி இருந்தால் ஒன்றைக் கொடு, குறித்த வரிக்கு மேல் வாங்காதே, யாரையும் மிரட்டிப் பணம் பறிக்காதே. எல்லாம் அவரவர் வேலையிடத்து விஷயங்கள். வருடக் கடைசி ரிலீஸ் நேரத்தில், புதிதாகச் சேர்ந்த பையன் செய்த வேலையை அவன் பெயரிலேயே மேலதிகாரிக்கு எழுதி அனுப்புவது இந்த வரிசையில் சேரும். கிறிஸ்துமஸ் விடுப்பு உங்களுக்குக் கிடைக்க யாரோ ஒருவர் கூடுதல் ஷிப்ட் பார்ப்பார், பொங்கலுக்கோ ரம்ஜானுக்கோ அவருக்காக நீங்கள் பார்ப்பதாக இப்போதே சொல்லி வையுங்கள்.

நீங்கள் கேட்ட சின்னக் கேள்விகள் இரண்டு. திருவருகைக் காலத்தில் வாரம் ஒன்றாக ஏற்றுகிற வளையத்தின் நான்கு மெழுகுதிரிகளுக்கும் எதிர்நோக்கு, அமைதி, மகிழ்ச்சி, அன்பு என்று பெயர் சொல்வது நல்ல வழக்கம்தான், ஆனால் அந்தப் பெயர்கள் வழிபாட்டு நூல்களில் இல்லை. வளையமே 1839-ல் ஹாம்பர்க் நகரில் ஏழைப் பிள்ளைகளை வளர்த்த விகர்ன் என்ற லூத்தரன் போதகரிடமிருந்து வந்தது, அதனால் வெள்ளை மெழுகுதிரிதான் கிடைத்தது என்றாலும் கவலை வேண்டாம். சாண்டா தொப்பி போடச் சொன்னால் தாராளமாகப் போடுங்கள். மீரா நகரின் ஆயர் நிக்கோலாஸ்தான் அதற்கு மூலம், டிசம்பர் 6 அவர் திருநாள். ஏழைத் தகப்பன் வீட்டுக்குள் இரவில் யாருக்கும் தெரியாமல் பொற்காசுப் பையைப் போட்டார் என்பது மரபுக் கதை, அதை வரலாறு என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். பேசி முடித்ததும் யாராவது கேள்வி கேட்டு உங்களுக்குப் பதில் தெரியவில்லை என்றால், தெரியவில்லை, கேட்டுக்கொண்டு வந்து சொல்கிறேன் என்று சொல்லுங்கள். கிறிஸ்துமஸ் விடுப்பு முடிந்து வந்ததும் மறக்காமல் போய்ச் சொல்லிவிடுங்கள்.